தோள்சீலை வரலாறும் ஒன்பதாம் வகுப்பும்: நீக்கப்பட்ட பாடம் எழுப்பும் கேள்விகள்

2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. தன் கீழுள்ள பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் ஆடை பற்றிய அத்தியாயத்தில் உள்ள ‘சாதி மோதலும் ஆடை மாற்றமும்’ என்ற பகுதி பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது. 2017ஆம் ஆண்டுத் தேர்வில் அதிலிருந்து கேள்வி எதுவும் கேட்கப்படக் கூடாது என்பதே அதன் சாரம். புத்தகத்தில் பக்கங்கள் அப்படியே இருந்தன. ஆனால் தேர்வுக்கு வராத பக்கத்தை நம் பள்ளிகளில் யார் புரட்டுவார்கள்? 2019-இல் என்.சி.இ.ஆர்.டி. அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டது. அதனுடன் கிரிக்கெட்டின் வரலாறு, உழவர்களின் வரலாறு என்னும் வேறு இரண்டு அத்தியாயங்களும் போயின. மாணவர்களின் சுமையைக் குறைப்பதே நோக்கம் என்று காரணம் சொல்லப்பட்டது.

நீக்கப்பட்ட பகுதி பேசியது தோள்சீலைப் போராட்டத்தை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அக்காலத்தில் திருவிதாங்கூர் ஆட்சிப் பகுதியாக இருந்தது. அங்கே நாடார் பெண்கள் (அக்கால ஆவணங்கள் ‘சாணார்’ என்றே குறிக்கின்றன) மேலாடை அணிந்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். பொது இடங்களில் அவர்களுடைய துணி கிழித்தெறியப்பட்டது. 1822-இல் தொடங்கிய தாக்குதல்கள் விட்டுவிட்டு 1859 வரை நீடித்தன. இந்திய விடுதலைப் போரை மன்னர்கள், மாநாடுகள், தலைவர்கள் வழியாக மட்டுமே படித்துவந்த பிள்ளைகளுக்கு, உடுத்தும் துணிக்கும் ஒரு வரலாறு உண்டு என்று சொன்ன அரிதான பாடம் அது.

இந்தப் பாடம் ஏன் போயிற்று என்பதை நாம் நேர்மையாகப் பேச வேண்டும். இதைச் சங்கப் பரிவாரத்தின் வேலை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது; அது முழு உண்மை ஆகாது. 2012-லேயே தமிழ்நாட்டின் பெரிய கட்சிகளின் தலைவர்கள் பலரும் நாடார் அமைப்புகளும் இந்தப் பகுதிக்குக் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அச்சமூகத்தைப் பிழைப்புத் தேடி வந்தேறியவர்களாகவும் தாழ்ந்தவர்களாகவும் பாடநூல் காட்டுகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ‘இவர்கள் தாழ்ந்த சாதியாகக் கருதப்பட்டார்கள்’ என்று செயப்பாட்டு வினையில் எழுதப்படும் வாக்கியம் கருதியவர் யார் என்பதை மறைத்துவிடுகிறது. தாழ்வு என்பது அம்மக்களின் இயல்பு போலவும், கருதியவர்களுக்குப் பெயரோ முகவரியோ இல்லை போலவும் ஆகிவிடுகிறது. இப்படிப்பட்ட வாக்கியத்தைத் திருத்தக் கேட்பது சரியே. ஆனால் நடந்தது திருத்தம் அன்று, நீக்கம். அவமானத்தைச் சுட்டிய சொற்கள் போயின. அவற்றோடு அந்தப் பெண்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் துணியைக் கைவிடாமல் நின்ற வரலாறும் போயிற்று.

நம் தரப்பிலும் இதே கேள்வி எழுந்தது உண்டு. அதே 2012-இல், பதினொன்றாம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் இருந்த ஒரு கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தை உலுக்கியது. சங்கர் 1949-இல் வரைந்தது: அரசமைப்புச் சட்டம் என்னும் நத்தையின் மீது அம்பேத்கர் அமர்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையோடு நிற்கிறார். தொல். திருமாவளவன் உள்ளிட்டோர் எதிர்த்தனர். அரசு வருத்தம் தெரிவித்தது. நூலுக்குப் பொறுப்பான தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பால்ஷிகரும் விலகினர். சாட்டை என்பது ஒரு தலித் மாணவனுக்கு வெறும் ஓவியக் குறியீடு அன்று. வகுப்பில் நாற்பது பேர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தன்னைத் திரும்பிப் பார்க்கும்போது அவன் உடல் கூசுவதை, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திராதவர்கள் ‘கருத்துச் சுதந்திரம்’ என்ற ஒரே சொல்லால் தாண்டிவிட முடியாது. அதே வேளையில், இன்னொரு சமூகம் ‘எங்கள் மனம் புண்படுகிறது’ என்று கூறி வரலாற்றை நீக்கச் சொல்லும்போது நாம் எந்த அளவுகோலால் மறுப்பது? எந்தப் பக்கத்தை வைப்பது, எந்தப் பக்கத்தை எடுப்பது என்ற வாதத்திலேயே நின்றுவிட்டால் இதற்கு விடை கிடைக்காது. பக்கத்தை எப்படிக் கற்பிப்பது என்ற இடத்துக்கு வந்தாக வேண்டும்.

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வரலாறு கற்பிப்பது என்றால் பெயரும் ஆண்டும் ஒப்பிக்க வைப்பது என்றே இன்னும் பல இடங்களில் பொருள். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலில் அய்யா வைகுண்டரும் அயோத்திதாசரும் இருக்கிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் பிறந்த ஆண்டு, தொடங்கிய அமைப்பு, நடத்திய இதழ் என்று ஒரு மதிப்பெண் வினாக்களாக அவர்கள் சுருங்கிவிடும்போது, ‘சமூக சீர்திருத்தவாதிகள்’ என்ற நீண்ட பட்டியலில் இன்னும் இரண்டு பேர், அவ்வளவே. அவர்கள் யாரோடு மோதினார்கள் என்ற கேள்வி வகுப்புக்குள் வருவதில்லை. வந்தால், மோதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே வகுப்பில் இருக்கிறார்கள் என்ற அச்சம் ஆசிரியருக்கு.

இந்த அச்சத்துக்கு ஒரு வழி உண்டு: கதையை ஆசிரியர் சொல்வதற்குப் பதிலாக, ஆவணத்தைப் பேச வைப்பது. தோள்சீலை வரலாறு இதற்கு மிகப் பொருத்தமானது. ஏனெனில் அரசாணைகளே இங்கு சாட்சி.

1810களில் திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட்டாக இருந்து, சில ஆண்டுகள் திவான் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தவர் கர்னல் மன்றோ. கிறித்தவத்துக்கு மாறிய பெண்கள் சிரியன் கிறித்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம் என்று அவர் காலத்தில் அனுமதி தரப்பட்டது. ஆனால் பெண்கள் அத்தோடு நிற்கவில்லை. ஆதிக்கச் சாதிப் பெண்களைப் போலச் சட்டைக்கு மேல் தோளில் சீலையும் போட்டுக்கொண்டார்கள். தாக்குதல் வெடித்தது இதனால்தான். 1829 பிப்ரவரியில் வந்த அரச ஆணை, குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது என்றது. 1855-இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. புலையர், பறையர் உழைப்பை உரிமையாக அனுபவித்துவந்த நிலவுடைமைச் சாதியினரின் ஆத்திரம் இன்னும் கூடியது. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் மீண்டும் கலவரம். வீடுகளும் வழிபாட்டுக் கூடங்களும் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்தார். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா புதிய ஆணை பிறப்பித்தார்.

அந்த ஆணை சொல்வது இது: சாணார் பெண்கள் கிறித்தவப் பெண்களைப் போலச் சட்டை போடலாம், மீனவப் பெண்களாகிய முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம், வேறு எந்த முறையிலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது.

இதை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்கலாம். ‘மேலாடை அணியும் உரிமை கிடைத்தது’ என்று நம் மேடைகளில் சொல்லப்படும் 1859-க்கும் இந்த ஆணைக்கும் எவ்வளவு தூரம் என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். அனுமதி தந்தது எதற்கு? கடைசி நிபந்தனை யாரைக் காப்பதற்கு? உடலை மறைப்பதுதான் சிக்கல் என்றால் எந்தத் துணியாக இருந்தால் என்ன, எப்படிக் கட்டினால் என்ன? முரட்டுத் துணி என்று துணியின் தரத்தைக்கூட அரசு ஏன் சொல்ல வேண்டும்? சிக்கல் நாணத்தைப் பற்றியது அன்று, அடையாளத்தைப் பற்றியது. தூரத்தில் வரும் பெண் எந்தச் சாதி என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பற்றியது என்ற முடிவுக்கு ஒரு பிள்ளை தானே வந்து சேரும்போது, சாதி என்றால் என்ன என்பது அதற்குப் புரிந்துவிடுகிறது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நம் வாசகர்களுக்கு அதுவே முதன்மையாகப் படும். அந்த ஆணையில் புலையப் பெண்ணும் பறையப் பெண்ணும் எங்கே? ஆணை ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை சட்டப்படி அடிமைகளாக இருந்தவர்களின் பெயரைச் சொல்லவில்லை. அவர்களுடைய போராட்டத்துக்கு வேறு ஆண்டும் வேறு ஊரும் உண்டு. புலையப் பெண்கள் கழுத்தில் கல்லாலும் கண்ணாடி மணியாலும் ஆன மாலைகளை மட்டுமே அணிய வேண்டும் என்பது வழக்கம். அது அடிமைக் குறி. அய்யன்காளியின் அழைப்பை ஏற்று அவர்கள் அந்த மாலைகளைக் கழற்றி எறிந்து ரவிக்கை அணியத் தொடங்கினார்கள். 1915-இல் கொல்லம் அருகே பெரிநாட்டில் அதற்காகத் தாக்கப்பட்டார்கள், குடிசைகள் எரிக்கப்பட்டன, பதிலுக்கு அவர்களும் திருப்பி அடித்தார்கள். கல்லுமாலைப் போராட்டம் என்று இது அழைக்கப்படுகிறது. 1859-க்கும் 1915-க்கும் இடையே 56 ஆண்டுகள். தோள்சீலைப் பாடத்தை 1859 ஆணையோடு முடித்துவிடும் ஆசிரியர், தலித் பெண்களைத் தம்மை அறியாமலே விட்டுவிடுகிறார்.

ஆவணத்தைப் பேசவைப்பது என்ற முறை நமக்கும் சில நெருக்கடிகளைத் தரும். அதையும் சொல்லிவிட வேண்டும். சேர்த்தலையைச் சேர்ந்த நங்கேலி முலைவரிக்கு எதிராகத் தன் மார்பை அறுத்து வைத்தார் என்ற கதை இன்று சமூக ஊடகம் எங்கும் உலவுகிறது. அது வாய்மொழி மரபாக வந்தது. அக்கால அரசு ஆவணமோ மிஷனரிக் குறிப்போ அதற்குச் சான்றாகக் காட்டப்படவில்லை. முலைக்கரம் என்பது பெண்கள் மீதான தலைவரியின் பெயரா, ஆடையோடு தொடர்புடையதா என்பதிலும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதனால் நங்கேலியை வகுப்பிலிருந்து விரட்ட வேண்டும் என்பதில்லை. எழுதும் உரிமை மறுக்கப்பட்ட மக்களின் நினைவு வாய்மொழியில்தான் தங்கும். அரண்மனை ஏடு அதைப் பதியாததில் வியப்பும் இல்லை. ஆனால் அரசாணை ஒருவகைச் சான்று, ஊர் நினைவு வேறுவகைச் சான்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால், நங்கேலியை மறுக்கும் ஒருவர் 1829 ஆணையையும் சேர்த்து மறுத்துவிட்டுப் போவார்.

கிரிக்கெட் அத்தியாயம் போனதையும் சிறிது நினைவூட்ட வேண்டும். அதில் பல்வங்கர் பாலு இருந்தார். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர். தலித் என்பதால் இந்துக்கள் அணியின் தலைமை கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923-இல் அந்தத் தலைமையைப் பெற்றார். கிரிக்கெட் பைத்தியமாகத் திரியும் ஒன்பதாம் வகுப்பு மாணவனிடம் சாதியைப் பற்றிப் பேச இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. அதையும் அடைத்துவிட்டார்கள். 2022-இல் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் மக்கள் இயக்கங்களைப் பற்றிய அத்தியாயம் நீக்கப்பட்டபோது தலித் பேந்தர்ஸ் இயக்கமும் வெளியே போயிற்று.

இந்தப் பாடங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கு, குறிப்பாக நம் மாணவர் அமைப்புகள் நடத்தும் மாலை வகுப்புகளில் கற்பிப்போருக்கு, ஓரிரு எச்சரிக்கைகள். வகுப்பில் எந்தப் பிள்ளையிடமும் ‘உங்கள் வீட்டில் இப்படி நடந்ததுண்டா’ என்று கேட்காதீர்கள். தான் விரும்பினால் அது சொல்லும். கேட்டால் அது சாட்சிக் கூண்டில் நிற்கும். அடிமையாகவும் ஆண்டையாகவும் பிள்ளைகளை நடிக்கவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை அறவே விடுங்கள். அந்த வேடத்தின் பெயர் மணி அடித்த பிறகும் மைதானம் வரை துரத்தும். பாடத்தை ஒடுக்கப்பட்டவரின் ‘நிலை’யிலிருந்து தொடங்காமல் ஒடுக்கியவரின் செயலிலிருந்து தொடங்குங்கள்: யார் ஆணை போட்டார், யார் துணியைக் கிழித்தார், யார் தீ வைத்தார். வெட்கம் இடம் மாறுவதை நீங்களே காண்பீர்கள்.

ஆதிக்கச் சாதிப் பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதைக் குற்றவாளி ஆக்குவது நோக்கம் அன்று; பாட்டன் செய்ததற்குப் பேரன் பொறுப்பில்லை. ஆனால் பாட்டன் செய்தது பெருமை என்று வெளியே அதற்குக் கற்றுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். கையில் கட்டக் கயிறும் கொடுக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்களில் அதே பள்ளியில் படித்தவர்கள் இருந்தார்கள். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வது உள்ளிட்ட அதன் பரிந்துரைகள் அதிகம் பேசப்பட்டன. கயிற்றை அவிழ்க்கச் சொல்ல உத்தரவு போதும். ஒரு காலத்தில் துணியிலும் மாலையிலும் இருந்த குறி இன்று மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது என்பதைக் கட்டியிருக்கும் மாணவனே உணர, ஒரு வரலாற்று வகுப்பு தேவை.

பழைய ஒன்பதாம் வகுப்பு நூலின் பிரதிகள் பல நூலகங்களிலும் வீட்டுப் பரண்களிலும் இன்னும் இருக்கின்றன. 1859 ஆணையை அரைப் பக்கத்தில் தமிழில் எழுதிவிடலாம்; நகலெடுக்கச் சில ரூபாய் ஆகும். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். ஆணையை இரண்டு முறை வாசிக்க ஐந்து நிமிடம் போனாலும், அதில் யாருடைய பெயர் இல்லை என்று தேட மீதி நேரம் இருக்கிறது.