முதலிடம் இல்லாத பந்தயம்

சைக்கிளில் 200 கிலோமீட்டர் போக வேண்டும். பதின்மூன்றரை மணி நேரம் அவகாசம். எட்டு மணி நேரத்தில் முடித்தவருக்கும், கடைசி நிமிடத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவருக்கும் ஒரே சான்றிதழ்தான். கோப்பை இல்லை, மேடை இல்லை. எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். அதை வைத்து முதல், இரண்டாவது என்று வரிசைப்படுத்த மாட்டார்கள். 'ப்ரெவே' எனப்படும் இந்த நெடுந்தொலைவுப் பயணம் பிரான்ஸில் வளர்ந்தது. இன்று சென்னை, கோவை சாலைகளிலும் நடக்கிறது. முடித்தவர்களின் விவரங்களைச் சரிபார்த்துப் பதிவு எண் கொடுப்பது பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்.

300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. வழிநெடுகச் சரிபார்ப்புச் சாவடிகள் உண்டு. ஒவ்வொரு சாவடியும் குறித்த நேரத்தில் திறந்து குறித்த நேரத்தில் மூடும். தாமதித்தால் தகுதி போய்விடும் என்பது சரி. மிக விரைந்து வந்தாலும் சிக்கல்தான். முதல் 200 கிலோமீட்டருக்கு மணிக்கு 34 கி.மீ. என்ற கணக்கில்தான் சாவடிகள் திறக்கும். அதற்கும் முன்னால் வந்துவிட்ட அவசரக்காரர் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

சாவடியில் அட்டையில் முத்திரை குத்துவார்கள். ஆள் இல்லாத இடங்களில் ஓட்டல் பில் போதும், ஏ.டி.எம். ரசீதும் போதும். இடமும் நேரமும் அச்சாகி வருகின்றன அல்லவா? எந்த வங்கியும் கேட்காமலேயே ஏ.டி.எம். நம் ஊரில் இந்த விளையாட்டுக்கு நடுவர் ஆகிவிட்டது.

சாவடிக்கும் சாவடிக்கும் நடுவே யாரும் காரில் பின்தொடர்ந்து உதவக் கூடாது. பஞ்சரானால் நீங்களேதான் ஒட்ட வேண்டும்.

புதியவர்கள் வேகத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 600 கிலோமீட்டருக்கு 30 மணி நேரம் ஆகும். மிச்சம் 10 மணி நேரம். சாப்பாடு, தூக்கம், பஞ்சர், மழைக்கு ஒதுங்குவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆறு இடங்களில் அரை அரை மணி நேரம் டீக்கடையில் கதை பேசினால் மூன்று மணி நேரம் காலி. கால் வலுவால் தோற்பவர்களைவிட, நின்ற நேரத்தால் தோற்பவர்களே அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

இதற்குச் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. 1891-இல் ஒரு பாரிஸ் நாளிதழ், தலைநகரிலிருந்து மேற்குக் கடற்கரையின் பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் பந்தயத்தை நடத்தியது. மொத்தம் 1,200 கிலோமீட்டர். திரும்பும் வழியில், முன்னணியில் இருந்த ஜியெல் லாவால் இரவில் படுத்துத் தூங்கினார். தூங்காத ஷார்ல் டெரோன் அவரைக் கடந்து போய், 72 மணி நேரத்துக்குள் பாரிஸைத் தொட்டு வென்றார். அப்போது புதுவரவாக இருந்த, கழற்றி மாட்டக்கூடிய மிஷலின் டயர்கள் அவர் சக்கரத்தில் இருந்தன. 1901-இல் இதே பந்தயத்தை வென்ற மொரீஸ் காரன்தான் இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் டூர் டி பிரான்ஸையும் வென்றவர். தொழில்முறை வீரர்களின் பந்தயம் 1951-உடன் நின்றுவிட்டது. நம்மைப் போன்றவர்களுக்கான பயணம் மட்டும் தொடர்கிறது: நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்டில், 90 மணி நேர அவகாசத்துடன். வழியிலுள்ள பிரிட்டனி கிராமத்து மக்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு, நடுநிசியிலும் காப்பி ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

இரவுப் பயணம் என்றால் விளக்கு. டயரை உரசிக்கொண்டு கிர்ரென்று ஓடிய பழைய டைனமோவைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மழை பெய்தால் வழுக்கி மங்கிவிடும். இப்போது அது முன்சக்கரத்தின் குடத்துக்குள் போய்விட்டது. அச்சோடு கம்பிச்சுருள் அசையாமல் நிற்க, அதைச் சுற்றிக் காந்த வளையம் சக்கரத்தோடு சுழல்கிறது. உரசல் இல்லை, மழை பயமும் இல்லை. கிடைப்பது 3 வாட்தான். எல்.இ.டி. விளக்குக்கு அது தாராளம். நின்றவுடன் அணைந்துவிடாமல் இருக்க விளக்குக்குள் ஒரு மின்தேக்கி சில நிமிடங்களுக்குச் சக்தி கொடுக்கும். விடிய விடிய ஓட்டுபவருக்கு பேட்டரி தீருமோ என்ற கவலை இல்லாததே பெரிய நிம்மதி.

உடம்பின் சேமிப்பு அப்படித் தீராததல்ல. தசையிலும் கல்லீரலிலும் உள்ள மாவுச்சத்து ஓரிரு மணி நேரக் கடும் உழைப்பில் கரைந்துவிடும். கொழுப்பு நிறைய இருந்தாலும் அது மெதுவாகத்தான் எரியும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால், பெட்ரோல் தீர்ந்த பைக் மாதிரி கால் திடீரென்று நின்றுவிடும். மணிக்கொரு தரம் வாழைப்பழம், கடலை மிட்டாய், இடையில் உப்புப் போட்ட மோர் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். விரல் மரத்துப்போவதும் கழுத்து பிடித்துக்கொள்வதும் பெரும்பாலும் கைப்பிடியும் இருக்கையும் பொருந்தாததன் விளைவு. தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும் வீரம் காட்டாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் இருபது நிமிடம் படுத்து எழுவது உயிருக்கும் நல்லது, கடிகாரத்துக்கும் நல்லது.

அடுத்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 2027-இல். அந்த ஆண்டிலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவர்தான் போக முடியும். அதெல்லாம் பிறகு. முதலில் உங்கள் ஊருக்கு அருகில் நடக்கும் 200-க்குப் பெயர் கொடுங்கள். லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டாம். பிரேக்கும் கியரும் ஒழுங்காக உள்ள வண்டி போதும். கையில் காசு இருந்தால் நல்ல விளக்கும் ஹெல்மெட்டும் ஒளியைப் பிரதிபலிக்கும் மேல்சட்டையும் வாங்குங்கள்.