முதலெழுத்தும் சொற்பொருளும்

கொல்லிமலையின் ஊர்கள் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, பைல் நாடு என்பன அவற்றுட் சில. இங்கு நாடு என்பது தேசத்தைக் குறிப்பதன்று. சிற்றூர்கள் பல சேர்ந்த தொகுதியைக் குறிப்பது. சோழர் கல்வெட்டுகளிலும் இவ்வழக்கு உண்டு. ‘பைல்’ என்னும் பெயரைப் புதிதாகக் காண்பவர்க்கு அலுவலகக் கோப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நினைவுக்கு வரலாம். எழுத்து ஒத்திருப்பது கொண்டே அவ்வாறு பொருள்கொள்வது பிழை.

அந்த ஆங்கிலச் சொல்லின் வரலாறே இதற்குச் சான்று. கோப்பைக் குறிக்கும் ‘ஃபைல்’, இழை எனப் பொருள்படும் ‘ஃபீலும்’ என்ற இலத்தீன் சொல்வழி வந்தது. தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்தமை அப்பெயருக்குக் காரணம். நம் ‘கோப்பு’ என்பதும் கோத்தலினின்றே பிறந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. மின்விளக்கினுள் ஒளிரும் ‘ஃபிலமென்ட்’ என்பதும் அவ்விலத்தீன் சொல்லின் வழித்தோன்றலே. ஆனால், அதே எழுத்துகளால் எழுதப்படும் மற்றொரு ‘ஃபைல்’ அரத்தைக் குறிக்கும். அது பழைய ஆங்கிலச் சொல். மெல்லிய தோல் என்னும் பொருளில் தோன்றிய ‘ஃபிலிம்’ என்பதும் பழைய ஆங்கிலத்தினின்று வந்ததே. ஆங்கில எழுத்தில் இந்நான்கிற்கும் முதல் மூன்றெழுத்து ஒன்றே; இழையோடு உறவு இரண்டிற்கே.

இனி, மலையின் பெயருக்கு வருவோம். ‘கொல்’ வினையாக நின்று உயிர் போக்குதலைக் குறிக்கும். அதுவே இடைச்சொல்லாயின் ஐயப்பொருள் தரும் என்பது தொல்காப்பிய இடையியல் கூறும் இலக்கணம். கொல்லன் இரும்புத் தொழில் செய்வோன். கொல்லை, சாமையும் கேழ்வரகும் விளையும் புன்செய். நகரத்தார்க்கோ வீட்டின் பின்புறம். பூச்சிக்கொல்லி என்பதில் உள்ள ‘கொல்லி’ மட்டும் ஐயமின்றிக் கொல்லுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. தேவாரப் பதிகங்கள் சில அமைந்த பண்ணுக்கும் கொல்லி என்றே பெயர். அப்பண்ணைக் கொலையோடு எவரும் தொடர்புபடுத்துவதில்லை.

மலையை மட்டும் ‘கொல்லும் மலை’ எனப் பலர் எழுதிவிடுகின்றனர். நோயும் கொடுவிலங்கும் மிகுந்திருந்தமையால் இப்பெயர் வந்தது என விளக்கமும் தருகின்றனர். இவ்விளக்கத்தைத் தாங்கி நிற்பது எழுத்தொப்புமையே. சங்கப் பாடல்களிலோ கொல்லி, வல்வில் ஓரி என்னும் வள்ளல் ஆண்ட வளமலை; கொல்லிப்பாவை தலைவியின் அழகுக்கு உவமை. இன்றும் மக்கள் உழுது வாழும் ஓர் ஊர்ப்பகுதியை அச்சத்துக்குரிய இடமாகக் காட்டுமுன், சொல்லின் பழைய ஆட்சிகளைத் தேடிப் பார்ப்பதே முறை.

பைல் நாட்டு மாணவர்கள் தம் ஊர்ப்பெயரை முதியோர் எவ்வாறு ஒலிக்கின்றனர் எனக் கேட்டெழுதுக. பழைய நில ஆவணங்களில் அப்பெயர் எழுதப்பட்டுள்ள வடிவத்தோடு அதனை ஒப்பிடுக. பிற ஊர் மாணவர்களும் தத்தம் ஊர்ப்பெயரைக் கொண்டு இதனைச் செய்யலாம்.