விலங்கை உடைத்தவரின் புத்தக அலமாரி

ஹாரி ஹூடினி என்றதும் கைவிலங்கும் சங்கிலியும் தண்ணீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டியும்தான் நினைவுக்கு வரும். மேடையை விட்டு இறங்கிய பிறகு அவர் செய்த காரியங்கள் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த ஹூடினியைத்தான் அதிகம் பிடிக்கும்.

1874-ல் புடாபெஸ்டில் பிறந்தபோது அவர் பெயர் எரிக் வைஸ். தந்தை யூத மதகுரு. அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்தை வறுமை விடவில்லை. சிறு வயதிலேயே வேலைக்குப் போனதால் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. கற்றறிந்தவரின் படிக்காத பிள்ளை என்ற ஏக்கம் கடைசிவரை அவரைத் துரத்தியிருக்க வேண்டும். நிகழ்ச்சிக்குப் போன ஊர்களில் எல்லாம் பழைய புத்தகங்கள், நாடகச் சுவரொட்டிகள், மறைந்த வித்தைக்காரர்களின் கடிதங்கள் என்று தேடித்தேடி வாங்கினார். நியூயார்க்கில் 113-வது தெருவில் இருந்த அவர் வீடு காகிதத்தால் நிரம்பியது.

மறைந்தவர்களைக் காகிதத்தில் மட்டும் அவர் தேடவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பழைய மந்திரவாதி பார்த்தலோமியோ போஸ்கோவின் கல்லறை கவனிப்பாரற்றுக் கிடந்தது. அந்த இடத்தைத் தன் காசு கொடுத்து வாங்கி, அமெரிக்க மந்திரவாதிகள் சங்கத்தின் பெயருக்கு மாற்றினார். அதே வட்டாரத்தில் ஒதுங்கி வாழ்ந்த முதியவர் வில்ஜால்பா ஃபிரிக்கெல், பலமுறை மறுத்த பிறகு 1903-ல் அவரைச் சந்திக்கச் சம்மதித்தார். விருந்தாளிக்குக் காட்டத் தன் பதக்கங்களை எடுத்து வைத்துக் காத்திருந்தவர், ஹூடினி வந்து சேருவதற்குச் சில மணி நேரம் முன்பு இறந்துபோனார்.

விமான மோகமும் அவரைப் பிடித்து ஆட்டியது. ஒரு வாய்சான் விமானத்தை வாங்கி, ஹாம்பர்க்கில் ஓட்டப் பழகி, அதைக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கே கொண்டுபோனார். 1910 மார்ச் 18 அன்று மெல்போர்ன் அருகே டிக்கர்ஸ் ரெஸ்ட் என்ற இடத்தில் மூன்று முறை பறந்தார். அந்த மண்ணில் முதலில் பறந்தவர் யார் என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. முன்னோடிகளில் ஒருவர் என்பதில் ஐயமில்லை. அந்தப் பயணத்தோடு விமானத்தை விட்டுவிட்டார். ஆபத்து வந்தால் நீருக்குள்ளேயே சட்டென்று கழற்றிவிடக்கூடிய முக்குளிப்பு உடைக்கு 1921-ல் காப்புரிமை பெற்றார். சொந்தமாகப் படக் கம்பெனியும் நடத்தினார். அதில் போட்ட பணம் திரும்பவில்லை.

ஆனால் அவர் முழு மூச்சாக இறங்கியது ஆவி வியாபாரத்துக்கு எதிராகத்தான். அம்மா சிசிலியா 1913-ல் இறந்ததை அவரால் தாங்க முடியவில்லை. 1922-ல் அட்லாண்டிக் சிட்டியில், நண்பர் ஆர்தர் கோனன் டாயிலின் மனைவி, அந்தத் தாயின் ஆவி எழுதவைப்பதாகச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதினார். எழுதியது ஆங்கிலத்தில், தலைப்பில் சிலுவை. ஆங்கிலம் பேசத் தெரியாத, மதகுருவின் மனைவியான ஒரு யூதத் தாய் அப்படியா எழுதுவார்? ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவரோடு இருந்த நட்பு அத்தோடு கசந்தது.

‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ், உண்மையாக ஆவியை வரவழைப்பவருக்குப் பரிசு அறிவித்திருந்தது. அதன் குழுவில் ஹூடினியும் ஒருவர். பரிசுக்கு வலுவான போட்டியாளர், பாஸ்டனில் ‘மார்ஜரி’ என்று அறியப்பட்ட மினா கிராண்டன். 1924-ல் நடந்த அமர்வில், இருட்டில் மேசைக்கடியில் ஒரு பெட்டிக்குள் இருக்கும் மணியை ஆவி அடிக்கும் என்றார்கள். அன்று பகல் முழுக்க ஹூடினி முழங்காலுக்குக் கீழே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தார். தோல் கன்றி, லேசாகப் பட்டாலும் உணரும் நிலைக்கு வந்துவிட்டது. கால்சட்டையைச் சுருட்டிவிட்டு மார்ஜரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மணியை நோக்கி அந்தப் பெண்ணின் கால் அங்குலம் அங்குலமாக நகர்ந்ததை அந்தத் தோல் காட்டிக்கொடுத்தது என்று பிறகு எழுதினார். பரிசு யாருக்கும் போகவில்லை.

இதை வெறும் விளம்பரத் தந்திரம் என்பவர்களும் உண்டு. விளம்பரத்தில் அவருக்கு ஆசை இருந்தது உண்மைதான். ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் துக்கத்தைக் காசாக்கியவர்கள் மீது அவருக்கு இருந்த கோபம் நடிப்பல்ல. ரோஸ் மேக்கன்பெர்க் என்ற பெண் துப்பறிவாளரை வேலைக்கு வைத்து, மாறுவேடத்தில் ஊர் ஊராக அனுப்பி ஆதாரம் திரட்டினார். வாஷிங்டனில் காசுக்குக் குறி சொல்வதைத் தடைசெய்யும் மசோதாவுக்காக 1926-ல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். மசோதா நிறைவேறவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று டெட்ராய்ட்டில் இறந்தார், வயது 52. மேடைச் சாமான்கள் தம்பி ஹார்டீனுக்குப் போயின. மந்திரம், ஆவியுலகம் பற்றிய ஏறத்தாழ 4,000 நூல்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு எழுதிவைத்திருந்தார். நாடகத் தொகுப்பு கைமாறி, இப்போது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கிறது.