இரவெல்லாம் நிற்கும் காருக்கு வேகம் எதற்கு?

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, எத்தனை கிலோவாட் மின்னூட்டி பொருத்தலாம் என்பதைத்தான். சிங்கப்பூரில் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, கார் இரவில் எங்கே நிற்கிறது என்பது. லிட்டில் இந்தியாவையே பாருங்கள். 1989இல் மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பகுதியின் கடைவீடுகளுக்கு முன்னால் இருப்பது நடப்பதற்கான ஐந்தடிப் பாதை. கார் நிறுத்த முற்றம் இல்லை. பஃபலோ ரோடு, ரோவெல் ரோடு அடுக்குமாடிகளில் வாகன நிறுத்துமிடம் எல்லோருக்கும் பொதுவானது. வீட்டிலிருந்து அங்கே கம்பி இழுக்க முடியாது. நான்கில் மூன்று பேருக்கு மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வாழும் ஊர் இது. இங்கே வீட்டு மின்னூட்டி என்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ளும் மின்னூட்டிதான். ஆகவே, வேகமான மின்னூட்டிகள் சிலவற்றைவிட, மெதுவாக ஏற்றும் மின்னூட்டிகள் பலவே நமக்குப் பொருத்தம் என்பது என் வாதம்.

கணக்கு எளிது. தீவின் கிழக்கு மேற்கு நீளமே சுமார் 50 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைத் தினமும் ஓடும் காருக்கு ஏறக்குறைய 8 யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரம் போதும். 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் இழுக்கும் 7.4 கிலோவாட் மின்னூட்டி அதை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி ஏற்றிவிடும். அதில் பாதித் திறன் உள்ளதுகூட இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்துவிடும். காரோ இரவில் எட்டுப் பத்து மணி நேரம் சும்மா நிற்கிறது. 22 கிலோவாட் மின்னூட்டிக்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும் பலருக்குப் பயனில்லை. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது. பல கார்களில் அதன் வரம்பே 7 அல்லது 11 கிலோவாட்தான். ஒரு 22 கிலோவாட் மின்னூட்டி கேட்கும் மின்சாரத்தில் மூன்று 7.4 கிலோவாட் மின்னூட்டிகள் ஓடும். மூன்று குடும்பங்கள் பயன்பெறும்.

தரைவீட்டுக்காரர்களுக்கு இடப் பிரச்சினை இல்லை, மின்பளுப் பிரச்சினை உண்டு. வீட்டுக்கு வரும் இணைப்பு 63 ஆம்பியர் என்றால், காருக்கே பாதி போய்விடும். குளிர்சாதனங்களும் வெந்நீர்க் கருவியும் அதே நேரத்தில் ஓடினால் இணைப்பு துண்டிக்கப்படும். இணைப்பைப் பெரிதாக்குவதற்கு முன், வீட்டின் பயன்பாட்டைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் மின்னூட்டியைக் கேளுங்கள். அல்லது நள்ளிரவுக்கு மேல் ஏற்றும்படி நேரம் வையுங்கள். தனிக் கம்பித் தடமும், மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் கருவியும் கட்டாயம் வேண்டும். சாதாரண மூன்று முனைச் செருகியில் மணிக்கணக்காக ஏற்றுவதை நான் ஏற்கவே மாட்டேன். அது தொடர்ந்து பெரும் மின்சாரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சூடேறி உருகும் அபாயம் உண்டு. 2023 டிசம்பர் 8 முதல் நடப்பில் உள்ள மின்வாகன மின்னூட்டச் சட்டப்படி, மின்னூட்டி நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் முத்திரையோடு இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும். பொருத்துவது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. மலிவாகக் கிடைக்கிறதென்று இணையத்தில் வாங்கிவிட்டுப் பிறகு முத்திரை தேடுவது வீண்செலவு.

கூட்டுரிமை வீடுகளில் எழும் எதிர்ப்பு வேறு வகை: மின்சாரக் கார் இல்லாத நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் முதலீட்டை மின்னூட்ட நிறுவனமே ஏற்று, பயன்படுத்துவோரிடம் கட்டணமாக வசூலிக்கும் ஏற்பாடு இருக்கிறது. பொது நிதியைத் தொடாமல் 10 ஆண்டுக்கு மிகாத ஒப்பந்தம் செய்ய, முன்பு தேவைப்பட்ட அளவுக்குப் பெரிய ஆதரவு வேண்டியதில்லை. சட்டத் திருத்தத்துக்குப் பின் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

மெதுவான மின்னூட்டியில் ஒருவர் இரவு முழுவதும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் என்ன செய்வார் என்றும் கேட்கலாம். இதற்கு விடை, மின்னூட்டிகளைக் கூட்டுவதே. தினமும் 8 யூனிட் செலவழிக்கும் கார் வாரம் இருமுறை ஏற்றினாலே போதும் என்பதால், ஒரே முனையை நாள் மாற்றி மூவர் பகிர முடியும். நாள் முழுக்க ஓடும் டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களின் நிலை வேறு. அவர்களுக்கு நேரமே வருமானம். அவர்களுக்குத்தான் நேர்திசை அதிவேக நிலையங்கள் வேண்டும். பொது மின்னூட்டிக் கட்டணம் வீட்டு மின்கட்டணத்தைவிட அதிகம் என்ற குறையை என்னால் மறுக்க முடியாது. தரைவீட்டுக்காரருக்குக் கிடைக்கும் குறைந்த விலை அடுக்குமாடிவாசிக்குக் கிடைக்காதது அநீதி. அதைப் பேசியே ஆக வேண்டும்.

2030க்குள் 60,000 மின்னூட்டிகள் என்பது அரசின் இலக்கு. அவற்றில் 20,000 தனியார் இடங்களில் அமைய வேண்டியவை. கூட்டுரிமை வீட்டில் இருப்பவர்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மின்னூட்டி பொருத்துவதைச் சேர்க்கச் சொல்லுங்கள். தரைவீட்டில் இருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மின்பணியாளரிடம் வீட்டின் மின்பளுக் கணக்கை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.