ரவுட்டர் மாறியது, பெட்டி காணாமல் போனது: நாஸை மறுபடி கண்டுபிடிப்பது எப்படி?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த வாரத்துக்கு வேற ஒரு தலைப்பு எடுத்து வச்சிருந்தேன். நடுவுல பிளவக்கல் பக்கத்துல இருந்து ஒரு போன். அணைக்குப் போற வழியில, வத்திராயிருப்புப் பக்கம் போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கற ஒரு அண்ணன்.

"தம்பி, பன்னெண்டு வருஷக் கல்யாணப் படமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. நெட் கனெக்‌ஷன் மாத்தினேன். பெட்டி செத்துப்போச்சு."

"லைட் எரியுதாண்ணே?"

"எரியுது. ஃபேன் கூட சுத்துது."

"அப்ப சாகல."

ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு விபரீதம் நடக்கப் பார்த்திருக்கு. கடைக்கு வந்த யாரோ, "ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாரு"ன்னு சொல்லியிருக்காங்க. இவரும் மாட்டியிருக்கார். 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?'ன்னு விண்டோஸ் கேட்டிருக்கு. நல்லவேளை, கை நடுங்கி 'வேண்டாம்' அமுக்கிட்டார்.

இதை முதல்ல சொல்லிடறேன். நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில டிஸ்க்கை எழுதும். விண்டோஸுக்கு அது படிக்கத் தெரியாது, அதனால வெத்து டிஸ்க்னு நினைச்சு ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. உள்ள படம் பத்திரமாத்தான் இருக்கும். 'சரி'ன்னு ஒரு தட்டு தட்டினாதான் போகும். ரவுட்டர் மாத்தினதுக்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்க்கைத் தொடாதீங்க. கழட்டிட்டீங்கன்னா, பெட்டியை அணைச்சிட்டு, எது எந்த இடத்துல இருந்ததோ அதே வரிசையில திரும்ப மாட்டுங்க.

சரி, அப்ப என்னதான் ஆச்சு?

வீட்டுக்குள்ள இருக்கற ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு ஐபி முகவரி கொடுக்கும். அண்ணனோட பழைய ரவுட்டர் 192.168.1.1. அதனால எல்லா முகவரியும் 192.168.1-னு ஆரம்பிக்கும். நாஸை மாட்டிக் கொடுத்தவர், முகவரி மாறக் கூடாதுன்னு பெட்டிக்குள்ளேயே 192.168.1.50-னு நிரந்தரமா எழுதி வச்சிட்டுப் போயிட்டார். அப்போதைக்கு நல்ல வேலைதான். புது ரவுட்டர் 192.168.0.1. கடை கம்ப்யூட்டர், போன் எல்லாம் புது முகவரி வாங்கி அந்தப் பக்கம் போயிடுச்சு. நாஸ் மட்டும் பழைய இடத்துலேயே நிக்குது.

நம்ம ஊர்ப்பக்கம் சொல்றதா இருந்தா, கால்வாயைத் திருப்பி வேற மடைக்கு விட்டாச்சு, ஒரு வயக்காரர் மட்டும் பழைய வாய்க்கால்ல மண்வெட்டியோட காத்துக்கிட்டு இருக்கார். வயலும் இருக்கு, ஆளும் இருக்கார். தண்ணி அந்தப் பக்கம் வராது, அவ்வளவுதான்.

இந்த எண் ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும். ஜியோ ஃபைபர் பெட்டிகள்ல பொதுவா 192.168.29.1 இருக்கும். உங்களுடையது என்னன்னு ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லேயே பார்க்கலாம்.

சரி பண்ண ரெண்டு வழி. எனக்குப் பிடிச்சது சோம்பேறி வழி: நாஸை மாத்தாம ரவுட்டரை மாத்தறது. புது ரவுட்டரோட அமைப்புப் பக்கத்துக்குள்ள போய், லேன் முகவரியை 192.168.1.1-னு மாத்திடுங்க. ரவுட்டர் ஒருமுறை அணைஞ்சு வரும். அடுத்த தடவை அந்தப் பக்கத்தைத் திறக்கப் புது முகவரியைத்தான் அடிக்கணும். இதை மறந்துட்டு "ரவுட்டரும் போச்சு"ன்னு சொல்றவங்க நிறைய. நாஸ், பிரிண்டர், சிசிடிவி ரெக்கார்டர்னு பழைய முகவரியில நின்ன எல்லாமே தானா ஒட்டிக்கும். கடைகளுக்கு இதுதான் லாபம். சிசிடிவி ரெக்கார்டர் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கு, சொல்லுங்க? ஒண்ணே ஒண்ணு: ரவுட்டர் தானா விநியோகிக்கற எண்கள்ல 50 வராம பார்த்துக்கங்க. இல்லேன்னா ஒருநாள் யாரோ ஒரு வாடிக்கையாளரோட போனுக்கு அதே எண் போய் ரெண்டும் முட்டிக்கும்.

சில இணைய நிறுவனங்க கொடுக்கற பெட்டியில அந்த எண்ணை மாத்த விடமாட்டாங்க. அண்ணனோடதும் அப்படித்தான் இருந்துச்சு. அப்ப ரெண்டாவது வழி.

நாஸை ரவுட்டர்ல இருந்து பிரிச்சு, லேன் கேபிள் மூலமா லேப்டாப்போட நேரடியா இணைக்கணும். சாதாரணக் கேபிளே போதும். லேப்டாப்போட வைஃபையை அணைச்சிட்டு, நெட்வொர்க் அமைப்புல கையால முகவரி கொடுங்க: 192.168.1.60, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. இப்ப லேப்டாப்பும் அந்தப் பழைய வாய்க்காலுக்கே போயிடுச்சு. பிரௌசர்ல 192.168.1.50 அடிச்சா (சைனாலஜின்னா பின்னாடி முக்காற்புள்ளி வச்சு 5000 சேர்த்து) நாஸோட பக்கம் வரும். நெட்வொர்க் பகுதியில 'நிரந்தர முகவரி'யை எடுத்துட்டு 'தானாகப் பெறு', அதாவது டிஎச்சிபி, தேர்ந்தெடுங்க. அப்புறம் நாஸை ரவுட்டர்ல மாட்டுங்க. லேப்டாப்பையும் தானாகப் பெறுற நிலைக்கு மறக்காம மாத்திடுங்க.

பழைய முகவரியே தெரியலையா? சைனாலஜிக்கு 'சைனாலஜி அசிஸ்டன்ட்', கியூநாப்புக்கு 'கியூஃபைண்டர் புரோ'ன்னு இலவச மென்பொருள் இருக்கு. முகவரி வரிசை வேறயா இருந்தாலும் பல சமயம் பெட்டியைக் கண்டுபிடிச்சுக் காட்டிடும்.

அதுவும் கை கொடுக்கலைன்னா கடைசியா ரீசெட் பட்டன். இங்க நிதானம். சைனாலஜியில 4 விநாடி அமுக்கினா ஒரு பீப் சத்தம் வரும், கையை எடுத்துடணும். நெட்வொர்க் அமைப்பும் அட்மின் பாஸ்வேர்டும்தான் மாறும், படங்கள் அப்படியே இருக்கும். கியூநாப்ல 3 விநாடி, ஒரு பீப். சரியா கேக்கலைன்னு மறுபடி மறுபடி அமுக்காதீங்க. ரெண்டாவது தடவையும் நீண்ட அழுத்தமும் வேற மாதிரியான, பெரிய ரீசெட்.

அண்ணனுக்கு ரெண்டாவது வழியிலேயே வேலை முடிஞ்சது. போன்லயே ஒரு முக்கால் மணி நேரம். புது ரவுட்டரோட பட்டியல்ல நாஸ் பேர் வந்ததும், அதோட மேக் முகவரியை வச்சு ரவுட்டர்லேயே ஒரு எண்ணை அதுக்குன்னு ஒதுக்கச் சொன்னேன். இனி முகவரி பெட்டிக்குள்ள இல்லை, ரவுட்டர்கிட்ட இருக்கு. அடுத்த தடவை கனெக்‌ஷன் மாத்தினா பெட்டி தானா புது எண் வாங்கிக்கும்.

"ஆனா இசட் டிரைவ் இன்னும் சிவப்புப் பெருக்கல் குறி காட்டுதே தம்பி?" காட்டத்தான் செய்யும். அது பழைய ஐபி எண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதைத் துண்டிச்சிட்டு, எண்ணுக்குப் பதிலா நாஸோட பேரைக் கொடுத்து மறுபடி இணைக்கணும். புது வைஃபையை விண்டோஸ் 'பொது நெட்வொர்க்'னு எடுத்துக்கிட்டிருந்தா 'தனியார்'னு மாத்துங்க. அப்பதான் நெட்வொர்க் பட்டியல்ல பெட்டி தெரியும். கம்ப்யூட்டர் விருந்தினர் வைஃபையில இருந்தாலும் நாஸ் தெரியாது, அந்த வைஃபை இருக்கறதே அப்படிப் பிரிச்சு வைக்கத்தான்.

கடைசியா, வெளியூர்ல இருந்து பார்க்கறது. ராஜபாளையத்துல மண்டபத்துல நின்னுக்கிட்டே ஆல்பத்தைக் காட்டுவாராம் அண்ணன். பழைய ரவுட்டர்ல போர்ட் திறந்து வச்சிருந்தாங்க, ரவுட்டரோட அதுவும் போச்சு. புது இணைப்பு பலருக்கும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கற வகை. ரவுட்டர்ல தெரியற வெளி முகவரி 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா அதுதான். அங்க போர்ட் திறந்தாலும் பயன் இல்லை. எனக்கென்னவோ அது நல்லதுக்குத்தான். 2022 ஜனவரியில டெட்போல்ட்ங்கற பணயத்தாக்குதல், இணையத்துக்கு நேரா திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளைப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டுச்சு. சைனாலஜியோட குவிக்கனெக்ட் மாதிரி நிறுவன வசதியோ, டெயில்ஸ்கேல் மாதிரி விபிஎன்-னோ வச்சுக்கங்க.

வேலை முடிஞ்சதும் அண்ணன்கிட்ட கேட்டேன், "படத்துக்கு வேற காப்பி இருக்காண்ணே?"

"அதான் பெட்டிக்குள்ள ரெண்டு டிஸ்க் இருக்கே?"

ரெண்டு டிஸ்க் இருக்கறது, ஒண்ணு பழுதானா இன்னொண்ணு ஓடறதுக்கு. தப்பா அழிச்சா ரெண்டுலயும் சேர்ந்தே அழியும். இடி விழுந்தாலும் அப்படித்தான். மலையடிவாரத்துல இருக்கறவங்களுக்கு ஐப்பசி இடியைப் பத்தி நான் சொல்லணுமா? ஒரு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, மாசத்துக்கு ஒருநாள் காப்பி எடுத்து, வீட்டுல வைக்கச் சொல்லியிருக்கேன். ஶ்ரீவில்லிபுத்தூர் போகும்போது வாங்கறேன்னார். அடுத்த வாரம் போன் பண்ணி, வாங்கினாரான்னு கேக்கணும்.