படுக்கையா, நடையா?

கூட்டேரிப்பட்டில் நமக்கு வெகுநாளாய்ப் பழக்கமான மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். சென்ற வருஷம் அவருக்கு மாரடைப்பு வந்தது. வைத்தியர்கள் இரத்தக் குழாயின் அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் வீடு திரும்பியவரைக் கட்டிலை விட்டு இறங்க வீட்டார் விடவில்லை. ஒரு மாதம் கழித்து நாம் பார்க்கச் சென்றபோது, "வாத்தியார் ஐயா, வாசல் வரை வந்தாலே மூச்சு வாங்குகிறது. இருதயம் இன்னும் கெட்டுவிட்டதோ?" என்று கேட்டார். அவருடைய மனைவியோ, "நடந்தால் மறுபடியும் வந்துவிடுமே, ஐயா!" என்று கண் கலங்கினார்.

அந்த அம்மாளைக் குறை கூறுவதற்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரிய வைத்தியர்களே மாரடைப்புக் கண்டவரை ஆறு வாரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். 1952-இல் அமெரிக்க வைத்தியர்களான லெவினும் லோனும், நோயாளியைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதியதே அன்று பெரிய துணிச்சல்! இத்தனைக்கும், மார்வலிக்காரர் ஒருவர் தினம் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய குணமடைந்த செய்தி, ஹெபர்டன் என்ற ஆங்கில வைத்தியரின் 1802-ஆம் வருஷத்து நூலிலேயே இருக்கிறது. படித்தவர்கள் மறந்து போனார்கள் போலும்.

படுக்கை என்ன செய்யும் என்பதை 1966-இல் டல்லாஸ் நகரில் சோதித்தார்கள். திடகாத்திரமான ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். பிராணவாயுவை உபயோகிக்கும் சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, அந்த முப்பது வருஷமும் சேர்ந்து பறித்தது மூன்று வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவாகவே இருந்தது! நமது கடைக்காரரின் மூச்சிரைப்புக்கும் படுக்கை ஒரு காரணமாயிருக்கலாம் அல்லவா? ஆயினும் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். பள்ளிக்கூட வாத்தியார் அல்ல. ஆகவே அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம்.

வைத்தியர் முதலில் அவரை ஆறு நிமிஷம் நடக்கச் சொல்லி, தூரத்தை அளந்தார். நடுவில் இரண்டு இடத்தில் நின்றுதான் முடித்தார். "ஆரம்பத்தில் ஐந்து பத்து நிமிஷம் மெதுவாக, பிறகு சற்று வேகம், முடிவில் மறுபடியும் மெதுவாக. திடீரென்று நிறுத்தக் கூடாது" என்பது உத்தரவு. நாடியை எண்ணலாமா என்று நாம் கேட்டோம். இருதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாதாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுவே சரியான வேகம். மார்பில் வலியோ தலைசுற்றலோ கண்டால் உடனே நின்றுவிட வேண்டும். வலி தணியாவிட்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொஞ்ச நாளில் இலேசான பளுத் தூக்கலும் உண்டு. ஆனால் மூச்சை அடக்கித் தூக்கலாகாது.

வேகமும் நிதானமும் மாறி மாறி வரும் பயிற்சி ஒன்றும் உண்டு. நார்வேயில் 2007-இல் இருதயம் பலவீனமான சில நோயாளிகளை நான்கு நிமிஷம் வேகமாகவும் மூன்று நிமிஷம் நிதானமாகவும் நடக்க வைத்து, அதிசயமான பலன் கண்டார்கள். ஆனால் 2017-இல் இன்னும் அதிகம் பேரிடம் பார்த்தபோது, சாதாரண நடையைவிட அது மேல் என்று ஏற்படவில்லை. நம்மவர்கள் புதுமை என்றால் பாய்ந்து விழுவார்கள் என்பதற்காகச் சொல்லுகிறோம்.

நமது தேசத்திலும் பெரிய பரிசோதனை நடந்திருக்கிறது. 24 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பிலிருந்து மீண்ட சுமார் நாலாயிரம் பேரில் பாதிப் பேருக்கு யோகப் பயிற்சி அளித்தார்கள். 2020-இல் முடிவு வெளியாயிற்று. மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததாக நிச்சயமாய்ச் சொல்ல முடியவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவதில் யோகம் பயின்றவர்களே முன் நின்றார்கள். மூன்று மாதத்தில் 13 வகுப்புகள். யந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

நெடுஞ்சாலையோரம் நடப்பது அபாயம். ஆகையால் கடைக்காரர் விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றுகிறார். தனியே விட மனமில்லாமல் கூட வரத் தொடங்கிய அவர் மனைவி, இப்போது அவருக்கு முன்னே நடக்கிறார். கடன் பாக்கிகளைப் பற்றி இருவரும் சண்டை போட்டுக்கொண்டே நடப்பதால், பேச முடிகிறதா என்று நாம் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைப் படி ஏற வேண்டும் என்கிறார் அவர். வைத்தியர் இன்னும் சம்மதம் கொடுக்கவில்லை.