கோடம்பாக்கம் போகும் ரயில் – 9: எழுதி முடித்த கதைக்கே பலம்

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு சினிமாவுக்குக் கதை எழுதும் இளைஞர்கள் உண்டு. சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போய், கடற்கரை ரயில் ஏறினால் 11ஆவது நிறுத்தம் கோடம்பாக்கம். அங்கே இறங்கிக் கம்பெனிக்குள் நுழைவது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தோம். நுழைந்துவிட்டீர்கள். ‘கதை சொல்லுங்க தம்பி’ என்கிறார்கள். எழுதியதைக் கொடுங்கள் என்று கேட்பவர் அபூர்வம். அதனாலேயே பலரும் ஒன்லைனும் இன்டர்வெல் பிளாக்கும் தயாரானதும் சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிக் கிளம்பாதீர்கள் என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

இன்று எழுத்தைக் கேட்பவர் அபூர்வம் என்றாலும், எழுத்தாளனுக்கென்று தனி நாற்காலி இருந்த காலம் ஒன்று உண்டு. ஜெமினி ஸ்டுடியோவில் கதை இலாகா என்றே ஒரு பிரிவு இருந்தது. 1948இல் வந்த ‘சந்திரலேகா’ அந்த இலாகாவில் உருவான கதை. கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே. மகாதேவன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். ஏ.வி.எம்.மிலும் கதை இலாகா இருந்தது. எழுதுகிறவர்கள் மாதச் சம்பளத்தில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கதை பேசினார்கள்.

ஸ்டுடியோக்கள் ஓய்ந்ததும் அந்த நாற்காலியும் போயிற்று. 1977இல் ‘16 வயதினிலே’ படத்தில் பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்த பாக்யராஜ், 1979இல் ‘சுவரில்லாத சித்திரங்கள்’ மூலம் தானே இயக்குநரானார். கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் நான்கும் ஒரே பெயரில் வருவது பிறகு வழக்கமாகிவிட்டது. எழுத மட்டும் ஆசைப்படுகிறவனிடமும் ‘முதலில் அசிஸ்டென்டா சேரு’ என்று சொல்வது இதனால்தான்.

எழுத்தின் வழியாகவே வந்தவர்களும் இருக்கிறார்கள். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவர் மகேந்திரன் பேசியதைக் கேட்டு வியந்த எம்.ஜி.ஆர்., பின்னால் ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். அந்தப் படம் அப்போது எடுக்கப்படவில்லை. மகேந்திரன் எழுதுவதை நிறுத்தவும் இல்லை. 1974இல் ‘தங்கப்பதக்கம்’ அவர் எழுத்தில் வந்தது. 1978இல்தான் ‘முள்ளும் மலரும்’. கதவைத் திறந்தது பேச்சு. இத்தனை ஆண்டுகள் அவரை உள்ளே நிற்க வைத்தது எழுத்து. 1986இல் ‘ஊமை விழிகள்’ படத்தோடு வந்த ஆபாவாணன் திரைப்படக் கல்லூரி மாணவர். சேலையூரிலிருந்து வேளச்சேரி வழியாகத் தரமணி போனால் இன்றும் அந்தக் கல்லூரியில் திரைக்கதையை முறையாகப் படிக்கலாம்.

கையில் முழுப் பிரதி இல்லாமல் சொல்லக் கிளம்பினால் என்ன ஆகும்? சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படம் தன் நாடகத்தின் நகல் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அந்தக் கருவை ஒருவர் எழுதி வடித்த விதத்துக்குத்தான் உண்டு. நீங்கள் நம்பிக்கையோடு சொல்லும் ஒன்லைன் வெறும் கரு. அறுபது எழுபது காட்சிகளும் வசனமும் சேர்ந்து காகிதத்தில் நிற்கும்போதுதான் அது உங்கள் சொத்து.

2018இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ‘சர்கார்’ வெளிவரும் முன்பே, அது தன் ‘செங்கோல்’ கதை என்றார் வருண் ராஜேந்திரன். 2007இலேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் அவர் அதைப் பதிவு செய்திருந்தார். சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ், இரண்டு கதைகளுக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். கள்ள ஓட்டு என்ற கரு மட்டுமே பொது, மற்றதெல்லாம் தன்னுடையது என்பது படத்தின் இயக்குநர் ஏ.ஆர். முருகதாஸின் வாதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு, வருணின் பெயருக்குப் படத்தில் இடம் கிடைத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு பதிந்துவைத்த ஒரு பிரதி இல்லாதிருந்தால், ஓர் உதவி இயக்குநரின் குரல் அத்தனை பெரிய படத்தின் முன்னால் கேட்டிருக்குமா?

ஆகவே, வரிசையை மாற்றுங்கள். முதலில் சீன் ஆர்டர், பிறகு வசனத்தோடு முழு ஸ்கிரிப்ட். முடித்த தேதியோடு பைண்ட் செய்யுங்கள். எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிப் பதியுங்கள். பதிப்புரிமை அலுவலகத்திலும் பதியலாம். எழுதிய கணமே உரிமை உங்களுடையதுதான் என்றாலும், சர்ச்சை வந்தால் பதிவு சாட்சியாக நிற்கும். யாருக்கு, எந்த நாளில் கதை சொன்னீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். சொல்லி முடித்த அன்றே சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். இதில் சந்தேகப்படும் புத்தி எதுவும் இல்லை. தொழில் செய்கிறவர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது. நல்ல தயாரிப்பாளர் இதற்காக உங்களை மதிக்கவே செய்வார்.

இன்னொரு பலனும் உண்டு. முழுதாக எழுதியவர் கதை சொல்லும்போது தடுமாற மாட்டார். ‘ஹீரோ ஏன் அந்த வீட்டுக்குப் போறான்?’ என்று நடுவில் கேட்டால், அதற்கான பதிலை எழுதும்போதே அவர் கண்டுபிடித்திருப்பார்.

கதை பிடித்துவிட்டது, அட்வான்ஸ் தருகிறோம் என்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். அந்த ஒப்பந்தத்தில் எதைப் படிக்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் பாதியில் நிற்கும் உங்கள் திரைக்கதையில் இன்னும் பத்துக் காட்சிகளை எழுதிவிடுங்கள்.

(தொடரும்)